நைலேரா இருக்கிற வீடுகள்

ஒச்சம்மா அக்காவுக்கு நாங்கள் தர வேண்டியிருந்தது ஒன்றேகால் ரூபாய். கைமாற்று இல்லை, கருவாடு வாங்கிய பாக்கியும் இல்லை. அது எங்கள் மகளின் விலை.

எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று ஆஸ்பத்திரியிலிருந்தே துணியில் சுற்றித்தான் வந்தது. அடுத்தது பல் முளைக்கிற சமயம் ஒரு காய்ச்சலில் போய்விட்டது. மூன்றாவதாக இவள் பிறந்தபோது என் பெண்டாட்டி நீலாவதி பிள்ளையின் முகத்தை நேராகப் பார்க்கவே பயந்தாள். பார்த்தால் பிரியம் வந்துவிடும், பிரியம் வந்தால் போய்விடும் என்று.

எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டுக்கு ஒரு வழி உண்டு. பிறந்த பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்து இன்னொருத்திக்கு விற்றுவிடுவார்கள். அவள் ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். பிறகு பெற்றவள் ஒன்றேகால் ரூபாய் கொடுத்துத் திரும்ப மீட்டு, தவிட்டம்மா, குப்பாயி, பிச்சை என்று யாரும் ஆசைப்படாத பேராக வைப்பாள். பிள்ளையைத் தேடி எது வருகிறதோ அது வந்து பார்க்கும். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கினது என்று விட்டுவிட்டுப் போய்விடும்.

வாங்குகிறவள் மட்டும் நாலைந்து பெற்று வளர்த்தவளாக இருக்க வேண்டும். அதுதான் முறை. பிழைக்க வந்த அந்தமானில், இந்தப் போர்ட் பிளேரில் அப்படி எங்கள் பக்கத்து ஆளை எங்கே போய்த் தேடுவது? ஷாதிபூரில் நாங்கள் குடியிருந்த வரிசையில் வங்காளிகள் இருந்தார்கள், தெலுங்கர்கள் இருந்தார்கள். எங்கள் சாமியைக் கும்பிடுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். ஜங்லிகாட் மார்க்கெட்டில் கருவாடு விற்கிற ஒச்சம்மா அக்கா. புருஷன் போய்விட்டான். பிள்ளை பிறக்கவே இல்லை. தம்பி ஒச்சப்பன் மட்டும் கூட இருந்தார். பிள்ளையில்லாதவளிடம் விற்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், நீலாவதிக்கும் தெரியும். வேறு ஆள் இல்லை என்று அவளிடமே விற்றோம்.

தவிடு கோழித்தீவனக் கடையில் கிடைத்தது. அக்கா அன்றைக்குத் தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். குப்பைமேட்டுக்குப் புதுச் சேலை கட்டி யாரும் வருவதில்லை. முறத்திலிருந்து பிள்ளையை எடுத்தவள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தன் வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நீலாவதி போய்க் கேட்டுத்தான் வாங்கி வந்தாள்.

மீட்கிற காசை நான் கொடுக்கப் போனபோதெல்லாம் அக்கா ஒரு சாக்குச் சொன்னாள். இரண்டு ரூபாயாகக் கொடுத்தால், கூட வாங்கினால் வட்டியாகிவிடும், சரியாக ஒன்றேகாலாகக் கொண்டுவா என்பாள். கால் ரூபாய்க் காசு செல்லாமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும். இருக்கட்டும், நான் எங்கே போய்விடப் போகிறேன் என்று சிரிப்பாள். சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் வாசலில் நின்று பிள்ளைக்குக் கை நீட்டுவாள். பிள்ளையும் தாவும். நீலாவதியின் இடுப்பிலிருந்து அவ்வளவு வேகமாகத் தாவும்.

பேர் வைக்கிற பேச்சு வந்தபோது நான் தவிட்டம்மா என்றேன். நீலாவதியின் தங்கை நளினி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். மலையும் பனியும் மந்திரமுமாக ஒரு வெளிநாட்டுத் தொடரை ஹிந்தியில் பேசவைத்து அப்போது எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வருகிறவள் பேர் நைலேரா. அடிமைச் சந்தையில் அவளை ஏலத்துக்கு நிறுத்துவார்களாம். ஏலம் கூறுகிறவனுக்கு அவள் விலையைச் சொல்ல மட்டும் வாய் வராதாம்.

அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று நளினி போனில் தேடிக் காட்டினாள். ஒரு இடத்தில் சமஸ்கிருதம், நீலத்தாமரை என்று போட்டிருந்தது. இன்னொரு இடத்தில் அரபி, ஆண்டவன் கொடுத்தது என்றிருந்தது. வேறொன்றில் ஏதோ ஆற்றின் பேர். எல்லாமே கதை விடுகிறார்கள் என்று நளினியே சொன்னாள். அந்தக் கதையை எழுதினவர் காட்டு ஜனங்களுக்கென்று ஒரு பாஷையைக் கட்டியிருக்கிறாராம். அதில் நைலேரா என்றால் விலையில்லாதவள். ஊரில் விலையில்லா மிக்சி, விலையில்லா ஆடு என்று கொடுப்பார்களே, அந்த மாதிரியா என்று கேட்டேன். அவள் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நீலாவதி அர்த்தத்தைக் கவனிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருந்தது. எத்தனை பேர் இந்தப் பேரை வைக்கிறார்கள் என்பதற்கான கோடு. தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, தொடர் வந்த வருஷத்திலிருந்து தென்னை மாதிரி நிமிர்ந்து மேலே போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அசிங்கமான பேரு வச்சா அது ஆசப்படாதுங்குறீக. இது நல்ல பேருதான், ஆனா ஊரு பூராவும் இருக்கு. வர்றது வந்து நைலேரா எங்கன்னு கேட்டா, எந்த வீட்டுக்குன்னு போகும்?"

நான் எழுதக் கற்றுக்கொண்டதே நாற்பது வயசுக்கு மேல்தான். அந்தக் கையால் முனிசிபல் ஆபீஸில் நைலேரா என்று எழுதிக் கொடுத்தேன். முன்னால் நின்ற ஒரு மலையாளத்து ஆளும் அதே பேரைத்தான் எழுதியிருந்தான்.

ஒச்சம்மா அக்காவிடம் நளினிதான் அர்த்தத்தைச் சொன்னாள். அக்கா பிள்ளையின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"வெலையில்லாதவளா? அப்பறம் நான் ஒரு படி தவிடு குடுத்தது யாருக்காம்?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தாடையை விட மட்டும் நேரமானது.

மாசி சிவராத்திரிக்குக் கோயிலுக்கு என்று அக்கா மெயின்லேண்ட் கிளம்பினாள். ஹாடோ துறையில் கப்பலேறும்போது பிள்ளையை வாங்கி உச்சி மோந்தாள். கோயில் உண்டியலில் பழைய கால் ரூபாய் இருக்கும், அதில் ஒன்று கேட்டு வாங்கி வருகிறேன், அப்புறம் கணக்கை முடித்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் இவள் என் மகள்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். கப்பல் நகர்ந்ததும் நீலாவதி என்னிடம் வேறு வீடு பார்க்கச் சொன்னாள். அக்கா திரும்புவதற்குள் கராச்சர்மாவில் ஒரு தகரக் கூரை வீட்டுக்கு மாறினோம். வாடகை குறைவு என்று அக்கம்பக்கத்தில் சொன்னோம். ஒச்சப்பனிடம்கூட நீலாவதி கராச்சர்மா என்றுதான் சொன்னாள், எந்தச் சந்து என்று சொல்லவில்லை.

அக்கா திரும்பவில்லை. சிவராத்திரி முடிந்த மூன்றாம் நாள், கோயில் மந்தையில் சாமிப் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாளாம். ஊரிலேயே புதைத்துவிட்டார்கள். விமானத்துக்குக் காசில்லாமல் ஒச்சப்பன் இங்கேயே தலையை மழித்துக்கொண்டார். நான் துக்கம் கேட்கப் போனேன். கடைசியாக அவர் ஒன்று சொன்னார்.

"பாவம், அக்கா ரிட்டர்ன் டிக்கெட்டும் சேத்துத்தான் போட்டுருந்தா."

அக்கா டிக்கெட் போட்டிருந்த அந்தக் கப்பல் வந்து கட்டினபோது நான் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் என்னோடு மூட்டை தூக்குகிற பிமல் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான். ஷாதிபூரில் இருக்கிறவன், வங்காளி. அவன் மகளுக்குத் திடீரென்று உடம்பு கொதித்ததாம், விடிந்ததும் ஒன்றுமில்லாமல் எழுந்து விளையாடுகிறதாம். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஹிந்தியில் என்னிடம் கேட்டான், ஜம்பு பாய், மதராசிப் பேச்சில் இதற்கு என்ன அர்த்தம் என்று. காய்ச்சலில் குழந்தை திரும்பத் திரும்பச் சொன்னதாம். அவன் வாயில் அது தடுக்கித் தடுக்கித்தான் வந்தது.

"இது இல்ல. இது எம்புள்ள இல்ல."

அவன் வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. எங்கே கேட்டிருக்கும் என்று தெரியவில்லை என்றான். அந்த இழுப்பு எங்கள் ஊர் இழுப்பு. நான் தெரியாது என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினேன். அவன் மகள் பேரும் நைலேராதான்.

அடுத்து ஜங்லிகாட்டில் முபாரக்கின் கடைக்குப் போனபோது அது இன்னும் கிட்டே வந்திருந்தது. கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. வீடு கடைக்குப் பின்னால். அவர் பெண்டாட்டி ஷமா கல்லாவில் இருந்தாள். மகள் மடியில் தூங்கியது. ஒரே ராத்திரியில் வந்து போன காய்ச்சல் என்றாள். நான் பேர் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இவ வாயாடி அண்ணே, காச்சல்லயும் கத சொல்றா," என்றாள் ஷமா. "ஒரு பெரியம்மா வந்துச்சாம். தாடையப் புடிச்சுத் திருப்பிப் பாத்துச்சாம். நீ இல்லடின்னுட்டுப் போயிருச்சாம். அதுகூடப் பரவால்ல. வீடெல்லாம் கருவாட்டு வாட. நாங்க கருவாடு வாங்கி எத்தன நாளாச்சு."

வீட்டுக்கு வந்து நீலாவதியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஷாதிபூர், அப்புறம் ஜங்லிகாட் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கராச்சர்மா பஸ் அந்த வழியாகத்தான் வரும். ஒச்சப்பன் சொல்லி அக்காவுக்குக் கராச்சர்மா என்று தெரியும், வீடு தெரியாது. பேரை வைத்துக் கேட்டுக் கேட்டு வருகிறாள். நளினிக்குப் போன் போட்டு, நடுவில் யார் யார் வீட்டில் இந்தப் பேர் இருக்கிறது என்று விசாரித்தாள். டாலிகஞ்சில் ஒன்று இருப்பதாகவும், எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டெய்லர் வீட்டில் ஒன்று இருப்பதாகவும் தெரிந்தது. இன்னும் ரெண்டு இருக்கு என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

டாலிகஞ்ச் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து போனது. டெய்லர் வீட்டுக் குழந்தைக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரே பதில், இது சீசன் காய்ச்சல், பரவுகிறது என்றார்கள். இருக்கலாம். சிரப் கொடுத்தார்கள்.

அன்றைக்கு நான் வேலையிலிருந்து வரும்போது நீலாவதி வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு அகிலாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அகிலாவுக்கு அது நிறைமாசம். பெண்ணாகப் பிறந்தால் நைலேரா என்று வை, இப்போது எல்லாரும் அந்தப் பேர்தான் வைக்கிறார்கள், ராசியான பேர் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வெகுளி. நல்லாத்தான் இருக்கு மதினி என்று வயிற்றைத் தடவிச் சிரித்தது. இவளும் சிரித்தாள். என் மகளைக் காப்பாற்ற இன்னொருத்தி வயிற்றில் இருக்கிறதை வாசலில் நிறுத்தப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கை கால் கழுவக்கூட இல்லை, அப்படியே ஷாதிபூருக்குப் பஸ் ஏறினேன்.

ஒச்சப்பன் அக்காவின் அறையில்தான் இருந்தார். காலிக் கருவாட்டுக் கூடைகளைக் கழுவிச் சுவரோரம் சாத்தியிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பையிலிருந்து காசை எடுத்து, அக்காவுக்கு வாரிசு நீங்கள்தானே அண்ணே, நீங்கள் வாங்கிக்கொண்டு மீட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவ வாங்க வேண்டியத நான் வாங்குனா, அவ தேடுறதையும் நாந்தான் குடுக்கணும். எங்கிட்ட ஏது பிள்ள?" என்றார்.

பிறகு, அக்கா வந்து கேட்பது காசு இல்லை என்றார். அவளுக்கு அங்கே தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. தம்பி ஊற்றுகிற தண்ணீர் தம்பி தண்ணீர்தான். மகள் என்று ஒருத்தியை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தாளே, அந்தக் கைத் தண்ணீரைத் தேடுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள். பிள்ளையைக் கொண்டுவாருங்கள். ஆனால் பெற்றவள் தன் வாயால் இவள் உன் மகள் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ஊற்றினால் அது யாரோ ஊற்றினதாகப் போய்விடும் என்றார்.

நீலாவதி முடியாது என்றாள். சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு குழியைப் பார்த்தவளிடம் மூன்றாவதை உன்னுடையது இல்லை என்று சொல் என்றால் எப்படிச் சொல்லுவாள்? அதன்பிறகு வீட்டில் நைலேரா என்று யாரும் கூப்பிடக் கூடாது என்றாள். பிள்ளையை ச்சூ, ச்சூ என்று கோழியைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில், கூரைத் தகரம் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பிள்ளை வாசற்படிக்கு உள்ளே பாயில் இருந்தது. தகரச் சத்தம் நின்றது. நெத்திலிக் கருவாட்டு வாசம் வந்தது, முதலில் லேசாக, பிறகு கூடையைப் பக்கத்தில் இறக்கி வைத்த மாதிரி. பிள்ளை வாசலைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. பிள்ளையின் தாடை மெல்ல மேலே நிமிர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பியது. அது தானாகத் திருப்பின திருப்பம் இல்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. பிறகு பிள்ளை சிரித்தது. இரண்டு கையையும் வாசலுக்கு நீட்டித் தாவியது.

நீலாவதி பாய்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அவள் பிடிக்கப் பிடிக்கப் பிள்ளை திமிறிக்கொண்டு வாசலுக்குத் தாவியது. அரை மணி நேரத்தில் உடம்பு அனலாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், ஈரத்துணி போட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு விடிந்ததும் இறங்கின காய்ச்சல் எங்கள் பிள்ளைக்கு இறங்கவில்லை. அது இது இல்ல என்று சொல்லவும் இல்லை. ஒன்றுமே சொல்லாமல் சிரித்த முகமாகவே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலாவதி தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். நர்ஸ் எவ்வளவோ சத்தம் போட்டும் கேட்கவில்லை. ஜங்லிகாட் படகுத்துறைக்கு அந்தப் பக்கம், ஓதம் இறங்கினால் கொஞ்சம் மணல் தெரிகிற இடத்தில் ஒச்சப்பன் இலை போட்டிருந்தார். சோறு, முட்டை, அக்காவுக்குப் பிடித்த சீலாக் கருவாட்டுக் குழம்பு. ஒரு செம்பில் எள்ளும் தண்ணீரும். பிள்ளையின் கையைச் செம்பின்மேல் வைத்து நான் பிடித்துக்கொண்டேன். கொதிக்கிற கை. ஒச்சப்பன் நீலாவதியைப் பார்த்தார்.

அவள் கடலைப் பார்த்து நின்றாள். படகு ஒன்று போய், அதன் அலை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுத் திரும்பியது. அப்புறம் சொன்னாள்.

"நாங்க மீக்கல அக்கா. இவ ஒம்மகதான். ஒம்மக கையால வாங்கிக்க."

நான் செம்பைச் சாய்த்தேன். தண்ணீர் பிள்ளையின் விரல் வழியாக இறங்கியதைப் பார்த்தேன். அது மணலில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன், மணலில் ஒரு சொட்டு விழுந்த தடம்கூட இல்லை. செம்பு காலியாகும் வரைக்கும் அப்படித்தான். ஒச்சப்பனும் பார்த்தார். பிறகு இலையை எடுத்து அலையில் விட்டார்.

பிள்ளைக்கு வியர்த்தது. நெற்றி, கழுத்து, முதுகு எல்லாம் நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. தொட்டுப் பார்த்த நீலாவதி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அவள் மடியில் முகம் புதைத்துத் தூங்கியது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, யாருடைய விரலையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தது. பிரித்துவிடப் போனேன், நீலாவதி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

திரும்பும்போது நான் மறுபடியும் ஒச்சப்பனிடம் காசை நீட்டினேன். இப்போதாவது வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கு முடியட்டும் என்றேன்.

"தாய்க்கும் மகளுக்கும் நடுவுல என்ன தம்பி வெல?" என்றார். "மகதான்னு சொல்லிக் குடுத்துட்டீக. அந்த ஒண்ணேகால் ரூவா இனிமே கெடையாது. தள்ளியாச்சு."

நீலாவதி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். அப்படியென்றால் மீட்டாகிவிட்டதா அண்ணே என்று கேட்டாள். ஒச்சப்பன் காலிச் செம்பைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"மீக்கிறது எங்கருந்தும்மா. கடனத்தான் தள்ளியிருக்கு," என்றார்.

நான் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.